பத்து கிராம்

"ஒரு டின் பால் பவுடர் வாங்கிட்டு வாங்க. இப்பவே போங்க."

பூர்ணிமா இதைப் புருஷனைப் பார்த்துத்தான் சொன்னாள். ஆனால் விழுந்தது மூன்று பேர் தலையில். கொளஞ்சிநாதன் வாயருகே கொண்டுபோன கேசரியை அப்படியே தட்டில் வைத்தான். அவனுடைய அம்மா செல்வநாயகி, நல்லூரிலிருந்து காலை பஸ்ஸில் கொண்டுவந்த, குழந்தைக்குப் பால் புகட்டுகிற வெள்ளிப் பாலாடையை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தவள், துடைப்பதை நிறுத்தவில்லை. இன்னும் வேகமாகத் துடைத்தாள். பூர்ணிமாவின் அம்மா அம்புஜவல்லி காப்பி டம்ளர்களோடு அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டாள். அவள் முகத்தைப் பூர்ணிமா வேண்டுமென்றே பார்க்கவில்லை.

எது வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் கேட்காதே என்று பிரசவ வார்டிலேயே சொல்லிவைத்தவள் அம்புஜவல்லி. "நகை கேளு, தனிக்குடித்தனம் கேளு, நான் உன் பக்கம் நிக்கிறேன். டப்பாப் பால்னு ஒரு வார்த்த உன் வாயிலேர்ந்து வரக் கூடாது." தையல் வலியோடு கிடந்தவளுக்கு அது சம்பந்தி வீட்டுப் பேச்சுக்குப் பயந்து சொன்னதாகத்தான் பட்டது. தலையாட்டினாள். முப்பது நாள் அந்தத் தலையாட்டலுக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தாள்.

இன்றைக்கு முப்பதாம் நாள். குழந்தைக்குக் காப்பு போட்டுப் பேர் சொல்லிக் கூப்பிடப் புருஷனும் மாமியாரும் அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். இனியா என்று பேர். இனியா தூளியில் கிடந்தாள். முப்பது நாளில் அந்த வீட்டுக்கு வந்த அத்தனை பேரும், "எம்மாஞ் சமத்து, அழுவுறதே இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். முதல் வாரம் தெருவே எழுந்து உட்காரும்படி கத்திய குழந்தை அது. இரண்டாம் வாரம் சிணுங்கியது. இப்போது வாயைத் திறக்கும், உதடு கோணும், சத்தம் வராது. சமத்து என்று யாராவது சொன்னால் பூர்ணிமாவுக்கு அவர்கள் வாயில் மண்ணை அள்ளிப் போடலாம்போல இருந்தது.

"என்னம்மா சொல்ற நீ," என்றாள் செல்வநாயகி. காது மந்தமானவளிடம் பேசுகிற நிதானம் அந்தக் குரலில். "பிராது கட்டிப் பதிமூணு நாளுதான் ஆவுது. சாமி பாத்துக்கிட்டு இருக்குது."

"சாமி பாத்துக்கிட்டுதான் இருக்குது அத்தே. புள்ள எளச்சிக்கிட்டு இருக்குது."

"பூர்ணி," என்றான் கொளஞ்சிநாதன்.

"நீங்க கேசரிய சாப்புடுங்க."

விருத்தாசலத்தைச் சுற்றி இருக்கிறவர்களுக்குப் பிராது புதிதல்ல. போலீஸ் ஸ்டேஷனில் நியாயம் கிடைக்காதவனும், கோர்ட்டுக்கு நடந்து செருப்புத் தேய்ந்தவனும், கடன் கொடுத்து ஏமாந்தவனும், பிள்ளை இல்லாதவளும் கடைசியில் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போவார்கள். வெள்ளைத் தாளில் குறையை எழுதிச் சாமி முன்னால் வைத்து எடுத்து, முனியப்பர் சன்னதியில் வேலில் சுருட்டிக் கட்டிவிட்டு வருவார்கள். தொண்ணூறு நாளுக்குள் தீர்ப்பு கிடைத்துவிடும் என்று நம்பிக்கை. கிடைத்த பிறகு போய், குறை தீர்ந்தது என்று இன்னொரு தாள் எழுதி வைக்க வேண்டும். அதற்கு ராஜினாமா என்று பேர். அது எழுதுகிறவரைக்கும் வழக்கு சாமி கையில் இருக்கிறது. நடுவில் வேறு வழி தேடுவது சாமியை முகத்துக்கு நேராக நம்பவில்லை என்று சொல்வது. இந்தக் கடைசி விதி கோயிலில் யாரும் எழுதிப் போட்டதல்ல. செல்வநாயகியின் சட்டம்.

அவள் நம்புவதற்குக் காரணம் அவள் எதிரிலேயே கேசரித் தட்டோடு உட்கார்ந்திருந்தது. ஏழு வருஷம் வயிறு திறக்காமல் பிராது கட்டி, எழுபதாவது நாள் தங்கிய பிள்ளை. அதனால்தான் கொளஞ்சிநாதன். மூன்று ஏக்கர் கரும்பும் சொந்த டிராக்டரும் முப்பத்தொரு வயசும் இருந்தும், தான் ஒரு தாளில் எழுதப்பட்டு வந்தவன் என்ற நினைப்பு அவனை விட்டுப் போகவே இல்லை. கோயில் இருக்கும் திசையில் கால் நீட்டிப் படுக்க மாட்டான்.

சரி, அவர்கள் நம்பினார்கள். பூர்ணிமா என்ன செய்தாள்? அந்தப் பிராதை எழுதியதே அவள்தான். இதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குத் தன் வலது கையைச் சுவரில் மோத வேண்டும்போல இருந்தது.

அந்தத் தெருவில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். பி.எஸ்சி. வேதியியல். முதியோர் பணமா, பட்டா மாறுதலா, குழாயில் தண்ணீர் வரவில்லையா, எல்லா மனுவும் அவள் எழுதியதுதான். 'உயர்திரு', 'மேற்படி', 'பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்' எல்லாம் அவள் பேனாவில் தானாக இறங்கும். தீட்டுக் கழிந்த மறுநாள் செல்வநாயகி தாளும் பேனாவும் கொண்டுவந்து மடியில் வைத்து, "நீயே எழுதும்மா, படிச்ச புள்ள எழுதுனா சாமிக்கு வெளங்கும்" என்றபோது, பூர்ணிமாவுக்குத் தூக்கமில்லாமல் கண் எரிந்துகொண்டிருந்தது. முலைக்காம்பு இரண்டும் வெடித்து ரவிக்கையில் ஒட்டியிருந்தது. எழுதிக் கொடுத்துத் தொலைத்தால் ஒரு மணி நேரம் தூங்க விடுவார்கள். எழுதினாள்.

'எனக்குப் பிறந்த பெண் குழந்தைக்குப் போதுமான தாய்ப்பால் இல்லை. சுவாமி மனமிரங்கிப் பால் சுரக்க அருள வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறேன்.' அங்கேயே நிறுத்தியிருக்கலாம். செல்வநாயகி, "பால் வர்ற வரைக்கும் வேற பாலக் கையால தொடமாட்டோம்னு போடும்மா. அப்பதான் சாமிக்கு ஒரு அவசரம் இருக்கும்" என்றாள். பூர்ணிமா அதையும் போட்டாள். போட்டது மட்டுமில்லை, அழகு பண்ணினாள். 'மேற்படி அருள் கிட்டும்வரை குழந்தைக்கு வேறு எவ்விதப் பாலும் புகட்டமாட்டோம் என்று இதன்மூலம் உறுதி கூறுகிறோம்.' யார் படிக்கப்போகிறார்கள் என்று நினைத்தாள். தாலுகா ஆபீஸில் கொடுத்த மனுவை எவன் படித்தான், இதைப் படிக்க. ஆனால் அந்த வீட்டில் மூன்று பேர் அதை மனப்பாடமாக வைத்திருந்தார்கள். அவள் எழுதிய அத்தனை மனுவிலும் ஒரு எழுத்துப் பிசகாமல் நடப்புக்கு வந்தது அந்த ஒரு மனுதான்.

"பால் வர்ற வரைக்கும் மருந்தாட்டம் ஒரு சங்கு கழுதப்பால் வேணும்னா ஊத்தலாம்," என்றாள் செல்வநாயகி. பாலாடையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "காலையில பஸ் ஸ்டாண்டாண்ட ஒருத்தன் ஓட்டிக்கிட்டுப் போனான். சொல்லி வச்சிருக்கறேன். பதினோரு மணிக்கு இந்தப் பக்கம் வரேன்னான்."

"கழுதப்பாலு வேற பால் இல்லையா அத்தே? எவ்விதப் பாலும்னு எழுதியிருக்கறேனே."

"அது பால் கணக்குல வராது. அது மருந்து."

"டாக்டரு எழுதுனா மருந்து இல்ல. கழுதக்காரன் பஸ் ஸ்டாண்டுல கறந்தா மருந்து."

"ஏ பூர்ணிமா," என்றாள் அம்புஜவல்லி அடுப்படி வாசலிலிருந்து. அவ்வளவுதான் சொன்னாள். டம்ளர்கள் தட்டில் லேசாக மோதிக்கொண்டன.

"மரியாத இல்லாம பேசறேன்னு நெனைக்காதீங்க அத்தே. பேசிப் பேசி மரியாத தீந்துபோச்சு." பூர்ணிமா எழுந்து பீரோவின் மேலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். "நான் புள்ளய நிறுத்துப் பாத்துட்டேன்."

செராமிக் எஸ்டேட்டில் பீங்கான் பியூஸ் கட்டை செய்கிற ஒரு யூனிட்டில் மூன்று வருஷம் அவள் தரம் பார்க்கிற வேலையில் இருந்தாள். வயிற்றுப் பிள்ளைக்கு எட்டாம் மாதம் ஆனபோது வேலையிலிருந்து நின்றுகொண்டாள். அங்கே மேற்பூச்சுக்கான பவுடரை நிறுக்க ஒரு எலக்ட்ரானிக் தராசு உண்டு. ஐந்து கிராம் ஏறினாலும் இறங்கினாலும் காட்டிக்கொடுத்துவிடும். போன வாரம் அம்மா வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், குழந்தையைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு அங்கே போனாள். மேற்பூச்சுப் பிரிவில் இருக்கிற மதலேனா தராசுத் தட்டைத் துடைத்து, மேலே தன் துப்பட்டாவை மடித்துப் போட்டு, அதன் எடையைப் பூஜ்யமாக்கிக் கொடுத்தாள்.

ஆஸ்பத்திரி அட்டையில் பிறந்தபோது இரண்டு கிலோ எண்ணூறு என்று போட்டிருந்தது. தராசு இரண்டு கிலோ ஐந்நூற்று நாற்பது காட்டியது. பூர்ணிமா சாக்கு அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்து, இந்தப் பக்கம் இருபது நிமிஷம், அந்தப் பக்கம் இருபது நிமிஷம் பால் கொடுத்தாள். மறுபடி தட்டில் வைத்தாள். இரண்டு கிலோ ஐந்நூற்று ஐம்பது.

பத்து கிராம்.

ஒரு தடவை எடுத்த அளவை நம்பக் கூடாது என்பது அவள் படித்த படிப்பு. மறுநாளும் போனாள். பத்து. அதற்கு மறுநாள் ஐந்து. பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு, வெந்தயக் களி, முருங்கைக்கீரை, இரண்டு மணிக்கு ஒரு தடவை மாரில் போட்டு நாற்பது நிமிஷம், பல்லைக் கடித்துக்கொண்டு, முதுகு ஒடிய, முப்பது நாள். எல்லாம் சேர்ந்து அந்தத் தராசில் ஒரு ஸ்பூன் சர்க்கரைக்குச் சமம்.

"எம் பொண்ணு டப்பாப் பால்ல வளந்தவதான்," என்றாள் மதலேனா அன்றைக்கு, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு. "இப்ப ஸ்கூல்ல கபடி டீம்ல இருக்குறா. ரெண்டாவதும் அப்பிடித்தான்."

"நீங்க எங்கிட்ட சொல்லவே இல்லியே அக்கா. தாய்ப்பால்லயே ரெண்டு வருஷம் வளத்தேன்னு கேன்டீன்ல சொன்னீங்களே."

"ஊருக்கு அப்பிடித்தான் சொல்றது. மாமியாருக்கே தெரியாது, டப்பா அரிசி டிரம்முக்குள்ள இருந்துச்சு. நீயும் அப்பிடியே பண்ணு. எதுக்கு வீணா வம்பு."

அக்கா நல்லதுக்குத்தான் சொன்னாள். பூர்ணிமாவுக்கு ஆத்திரம்தான் வந்தது. இப்படி எத்தனை வீட்டு அரிசி டிரம்மில் எத்தனை டப்பா. எல்லாரும் ஒளித்துவைத்துக்கொண்டு வெளியே வந்து பொய் சொன்னதால்தானே உலகத்தில் தனக்கு மட்டும்தான் மார் வற்றிப்போயிற்று என்று அவள் நம்பினாள். எட்டு மாதம் நின்றுகொண்டே வேலை பார்த்ததாலா, செராமிக் தூசியைச் சுவாசித்ததாலா, காலேஜில் ஆசிட்டை முகர்ந்ததாலா, பெண்ணாகப் பிறந்ததும் ஒரு நொடி முகம் சுளித்தாளே அதனாலா என்று முப்பது நாளாகத் தன்னைத் தானே பிடித்துக்கொண்டுபோய் அடித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். போலீஸும் அவளே, அடி வாங்கியவளும் அவளே.

இப்போது நோட்டை விரித்துப் புருஷன் முன்னால் வைத்தாள். தேதி, நேரம், கொடுப்பதற்கு முன், கொடுத்த பின். பியூஸ் கட்டைக்குப் போடுகிற மாதிரியே கட்டம் போட்டு எழுதியிருந்தாள்.

கொளஞ்சிநாதன் அதை நிறைய நேரம் பார்த்தான். "இது செராமிக் தராசு பூர்ணி," என்றான் கடைசியில். "கல்லு மண்ணு நிறுக்கறது."

"கல்லுக்கும் மண்ணுக்கும் பொய் சொல்லாத தராசு உங்க புள்ளைக்கு மட்டும் பொய் சொல்லுமா?"

செல்வநாயகி பாலாடையைத் தாம்பாளத்தில் வைத்துவிட்டாள். அவள் முகம் வெளுத்திருந்தது. "பச்சப் புள்ளயக் கொண்டுபோயி தராசுல வச்சியா? எட பாத்தா எளைக்கும்னு உங்கம்மா சொல்லித் தரலியா? மூணு தடவ வச்சிருக்கற. அப்பறம் ஏன் எளைக்காது. சாமி ஒரு பக்கம் கொடுக்க, நீ ஒரு பக்கம் தராசுல வச்சி எறக்கிக்கிட்டு இருக்கற."

பூர்ணிமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது நல்ல சிரிப்பு இல்லை. தூளிக்குப் பக்கத்தில் போய் நின்று அதை அடக்கினாள். இனியா கண்ணைத் திறந்துதான் இருந்தாள். கை விரல்கள் கோழிக்கால் மாதிரி தோல் சுருங்கிக் கிடந்தன. உச்சியில் எலும்பு கூடாத இடம் குழிந்திருந்தது. காலையிலிருந்து நனைந்த துணி ஒன்றே ஒன்று.

"நீ இங்க வா," என்றாள் அம்புஜவல்லி.

அடுப்படியில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. அம்புஜவல்லி கதவைச் சாத்தினாள். பதினெட்டு வயசிலிருந்து பொம்மை யூனிட்டில் வேலை பார்க்கிறவள். அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் ஓரத்தைச் சீவி, ஈர ஸ்பாஞ்சால் தேய்த்து வழவழப்பாக்குகிற வேலை. எவ்வளவு கழுவினாலும் நகக்கண்ணில் வெள்ளை போகாது. அந்தக் கையால் பூர்ணிமாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"உனக்கு முன்னாடி ஒண்ணு இருந்துச்சு."

"தெரியும். காய்ச்சல்ல போயிட்டான்னு சொல்லியிருக்கற."

"காய்ச்சல்ல இல்ல." அம்புஜவல்லி அடுப்பைப் பார்த்துப் பேசினாள். "எனக்கும் பால் இல்ல. அவனுக்கு. உனக்கு வந்துச்சு, ஆறா வந்துச்சு, அவனுக்கு இல்ல. உங்கப்பாதான் ஒரு டப்பா வாங்கியாந்தாரு. எவ்வளவு போடணும்னு டப்பா மேல எழுதியிருக்கும்னு கடக்காரன் சொன்னானாம். எனக்கு எழுத்துத் தெரியாது. உங்கப்பாவுக்குக் கையெழுத்துப் போடத்தான் தெரியும். வெளிய போயி யாரையாச்சும் படிச்சுக் காட்டச் சொன்னா எனக்குப் பால் இல்லன்னு ஊருக்கே தெரிஞ்சிடும். காப்பிக்கு ஒரு டம்ளருக்கு ஒரு ஸ்பூன் சக்கர போடறோமே, அந்த மாரி இதுக்கும் ஒரு டம்ளருக்கு ஒரு ஸ்பூன் போட்டேன். வெள்ளையாதான் இருந்துச்சு. அவனும் வாங்கி வாங்கிக் குடிச்சான். வயிறு ரொம்புச்சு. ஒரு மாசம் குடிச்சான்." அடுப்பு மேடையை விரலால் தேய்த்தாள். "அப்பறம்தான் ஆஸ்பத்திரில நர்சம்மா கேட்டுச்சு, பால் கொடுத்தியா, பச்சத் தண்ணி கொடுத்தியான்னு."

வெளியே கொளஞ்சிநாதன் தாழ்ந்த குரலில் அம்மாவிடம் ஏதோ சொல்வது கேட்டது.

"அதனாலதான் சொன்னேன். அந்த டப்பா இந்த வூட்டு வாசப்படி ஏறக் கூடாது. ரெண்டாவது தடவ என்னால பாக்க முடியாது பூர்ணிமா. சாமி குடுக்கட்டும். கழுத குடுக்கட்டும். அது மட்டும் வேணாம்."

பூர்ணிமாவுக்குப் பத்து வயசிலிருந்து ஒரு விஷயம் புரியாமலே இருந்தது. ஸ்கூலுக்கு ஒரு நாள் மட்டம் போட்டாலும் விறகுக் கட்டையை எடுக்கிறவள் இந்த அம்மா. காய்ச்சலோடு பரீட்சைக்குத் தூக்கிக்கொண்டு போனவள். கடையில் எந்தப் பொருள் வாங்கினாலும், "மேல என்ன எழுதியிருக்குது, படி" என்று நிறுத்தி, அவள் படித்து முடிக்கிறவரை பையில் போடாதவள். சோப்பு, ஊதுபத்தி, எலி மருந்து, எதுவாக இருந்தாலும். இப்போது புரிந்தது. புரிந்த அந்த நொடியில் அம்மாவைக் கட்டிப்பிடித்திருக்கலாம். அதற்கு வேண்டிய ஈரம் எதுவும் உடம்பில் மிச்சமில்லாததுபோல இருந்தது.

"உனக்குப் படிக்கத் தெரியல," என்றாள். "எனக்குத் தெரியும்."

சொல்லி முடித்தபோதே அது எங்கே போய் இறங்கியது என்று தெரிந்தது. அம்புஜவல்லி பிடித்திருந்த மணிக்கட்டை விட்டாள். கழுவிக் கவிழ்த்திருந்த ஒரு டம்ளரை எடுத்து மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள். பூர்ணிமா அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ள நின்றாள். எடுத்துக்கொள்ள அதில் பொய் ஒன்றும் இல்லை. இருபத்தெட்டு வருஷமாக அந்தப் பொம்பளை தனக்குத் தானே சொல்லிக்கொண்டதைத்தான் மகள் சத்தமாகச் சொன்னாள். அம்மா வாயைக் கட்டிக்கொண்டு, யாரும் தன்னைப் பார்த்து அதைச் சொல்லிவிடாமல் காத்துக்கொண்டாள், மதலேனா அரிசி டிரம்மில் ஒளித்தாள், அத்தை சாமியிடம் தள்ளிவிட்டாள். ஒருத்தியாவது கதவைத் திறந்துகொண்டு வெளியே போய், எனக்குப் பால் இல்லை, இதில் என்ன எழுதியிருக்கிறது படித்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தால் தனக்கு ஒரு அண்ணன் இருந்திருப்பான்.

அடுப்பில் தண்ணீர் வைத்தாள். கூடத்துக்குப் போய்ப் பாலாடையை எடுத்துவந்து கொதிக்கிற தண்ணீரில் போட்டாள். அம்மாவின் தோள் அவள் தோளில் இடித்துக்கொண்டேதான் இருந்தது; இரண்டு பேரும் விலகவில்லை. பாலாடை தண்ணீரில் புரண்டு அடியில் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு கூடத்தில் உட்கார்ந்து, அந்த எடை நோட்டின் கடைசித் தாளைக் கிழித்து எழுதினாள். அவளுடைய மனு எழுத்து, அச்சு மாதிரி.

'மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் சமூகத்துக்கு, கொளஞ்சிநாதன் மனைவி பூர்ணிமா எழுதிக்கொண்ட ராஜினாமா. பதிமூன்று நாளுக்கு முன் கட்டிய பிராதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். குறை தீரவில்லை. பால் சுரக்கவில்லை. இனிக் கேட்கவும் மாட்டேன். வேறு பால் புகட்டமாட்டோம் என்ற உறுதிமொழியை எழுதியது என் கை. அதை மீறுவதும் நான்தான். அதற்குத் தண்டனை உண்டென்றால் அது என்னைச் சேர வேண்டும். குழந்தையைச் சேரக் கூடாது. என் புருஷனையும் மாமியாரையும் அம்மாவையும் சேரக் கூடாது.'

கையெழுத்துப் போட்டாள். பழக்கத்தில் பேருக்குப் பின்னால் பி.எஸ்சி. என்று போட்டுவிட்டு, அதை அடிக்காமல் விட்டாள்.

கொளஞ்சிநாதன் தோளுக்கு மேலாக எட்டிப் படித்துக்கொண்டிருந்தான். "கொற தீராம ராஜினாமா எழுதறது கெடையாது பூர்ணி. யாரும் எழுதுனதில்ல."

"நான் எழுதிட்டேன்."

"எதுனா ஆயிடுச்சின்னா?" அவன் கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை. "நான் பொறந்ததே அந்த வேலுல கட்டுன தாளாலதான். சாமி ஒண்ணு குடுக்குதுன்னா எடுத்துக்கவும் எடுத்துக்கும். எனக்குப் பயமா இருக்குது. புள்ளைக்கு எதுனா ஆயிடுச்சின்னா யாரு பதில் சொல்றது?"

"ஆவறது இப்ப ஆயிக்கிட்டு இருக்குது. கேசரி தின்னுக்கிட்டே பாத்துக்கிட்டு இருக்கறீங்க." அவன் முகத்தைப் பார்த்தாள். இந்த ஆள் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும். "பதில நான் சொல்லிக்கறேன். அதான் எழுதியிருக்கறேன். எங்கூட வர்றீங்களா?"

அவன் அம்மாவைப் பார்த்தான். செல்வநாயகி கண்ணை மூடிக்கொண்டு உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்தாள். அழுதுகொண்டிருந்தாள் என்பது கன்னம் நனைந்த பிறகுதான் தெரிந்தது. அவனுடைய ஒரு கால் செருப்பு இருந்த பக்கம் திரும்பியது. இன்னொரு கால் இருந்த இடத்திலேயே இருந்தது.

பூர்ணிமா அந்தத் தாளை நாலாக மடித்து, பாலாடை இருந்த தாம்பாளத்தில் வைத்தாள். "இத நீங்க கொண்டுபோயி கட்டிடுங்க அத்தே. எனக்குக் கோயிலுக்குப் போவ நேரமில்ல. டாக்டர்ட்ட காட்டிட்டு, மெடிக்கல்ல வாங்கி, டப்பா மேல இருக்கறத அங்கயே நின்னு சத்தமா படிச்சி, ஒரு வேள ஊத்திட்டுதான் நகருவேன். யாரு பாத்தாலும் பாக்கட்டும்."

"ஊத்திட்டு இங்க வருவியா, எங்க போவ?" என்றாள் செல்வநாயகி கண்ணைத் திறக்காமல்.

"தெரியல அத்தே."

உண்மையிலேயே தெரியவில்லை. புருஷன் வீட்டில் இனி அந்த டப்பாவை வைக்க இடமில்லை. அம்மா வீட்டு வாசப்படியை அது ஏறக் கூடாது. அதைவிட, குழந்தையைத் தேற்றுகிற நாள் கடந்துபோய்விட்டதா இல்லையா என்பது தெரியவில்லை. பதிமூன்று நாள் முன்னால், அந்தத் தாளில் அழகாக எழுதிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், எழுந்து போயிருக்க வேண்டிய நடை இது. இந்தக் கணக்கை அவள் ஆயுசுக்கும் போட்டுக்கொண்டிருப்பாள் என்பது மட்டும் தெரிந்தது. டப்பாப் பால் கொடுப்பது உறுத்தவில்லை. கொடுக்காமல் கிடந்த நாட்கள்தான் உறுத்தின.

ஆஸ்பத்திரி அட்டை, எடை நோட்டு, ஈரம் வடித்துத் துணியில் சுற்றிய பாலாடை மூன்றையும் பையில் போட்டாள். தூளியிலிருந்து குழந்தையை எடுத்தாள். எடுக்கிற ஒவ்வொரு தடவையும் கனம் கை எதிர்பார்ப்பதைவிடக் குறைவாகவே இருந்தது. கை கொஞ்சம் மேலே போய்த் திரும்பி இறங்கியது. பழக்கத்தில் குழந்தை தானாக மாரைத் தேடி ரவிக்கையில் மூக்கை உரசியது. "அங்க ஒண்ணுமில்லடி," என்றாள் பூர்ணிமா. முப்பது நாளில் முதல் தடவையாகக் குழந்தையிடம் அதைச் சொன்னாள்.

அடுப்படிக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே டம்ளர் தேய்க்கிற சத்தம் நின்றுபோயிருந்தது. அம்மா வெளியே வரவில்லை. பூர்ணிமாவும் எட்டிப் பார்க்கவில்லை.

தெரு முனையில் மணிச் சத்தம் கேட்டது. கழுதைக்காரன் சொன்ன நேரத்துக்கு வந்துகொண்டிருந்தான்.

செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினாள். வெயில் முகத்தில் பட்டதும் இனியா கண்ணைச் சுருக்கினாள். உதடு கோணியது. அழப்போகிறாள் என்று பூர்ணிமா ஒரு நிமிஷம் அப்படியே நின்று, துண்டை விலக்கி, அந்த வாயையே பார்த்தாள். சத்தம் வரவில்லை. துண்டை இழுத்து மூடிக்கொண்டு கடைத்தெருப் பக்கம் எட்டி நடந்தாள்.